ஸ்டார்ம்ட்ரூப்பர் கவசத்துக்கு இ6000 பசை

1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் வெள்ளைக் கவச வீரர்களான ஸ்டார்ம்ட்ரூப்பர்களின் கவசத்தை ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் கட்டி வருகிறேன். கை, கால் பாகங்கள் எல்லாம் இரண்டு இரண்டு பாதிகளாக வரும். அவற்றை விளிம்போடு விளிம்பாக முட்டவைத்து, இணைப்பின் மேலே பிளாஸ்டிக் பட்டை ஒட்ட வேண்டும். பட்டையின் அகலம் கைக்கு 15 மில்லிமீட்டர், காலின் முன்பக்கத்துக்கு 20.

இதற்கு நான் இ6000 பசையைத்தான் சொல்வேன். சூப்பர் குளூ நொடியில் பிடிக்கும், ஆனால் காய்ந்தபின் விறைத்துவிடும்; நடக்கும்போது வளைகிற இடத்தில் படக்கென்று விடும். இ6000 ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும். அதைவிடப் பெரிய விஷயம், ஒட்டியதைப் பொறுமையாக உரித்தெடுக்கலாம். ஸ்டார் வார்ஸ் உடைகளைச் செய்து அணியும் ரசிகர் அமைப்பான 501வது லீஜியனில் உள்ள நண்பர்களுக்குப் படம் அனுப்பினேன். "தோள் கவசத்துக்கும் மார்புத்தகட்டுக்கும் நடுவே இடைவெளி அதிகம், தொடைப்பட்டை சாய்ந்திருக்கிறது" என்றார்கள். பட்டையை உரித்து, நேராக்கி, மறுபடி ஒட்டினேன். பிளாஸ்டிக்கில் ஒரு கீறல்கூட இல்லை! இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துச் சொல்கிறவர்கள் கிடைப்பது பாக்கியம்.

முழுதாக இறுக 24 முதல் 72 மணி நேரம் ஆகும். அதுவரை கிளிப்பும் காந்தமும் போட்டு வைக்க வேண்டும். நெடி கடுமை, ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது சரிவராது. மற்றவர்கள் தாராளமாக வாங்கலாம்.