வட்டக்கச்சி வீட்டில் ஓடிடி சந்தா: விலை மாறினால் ஊரில் என்ன மாறுகிறது

வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் ஊருக்கு அனுப்புகிறவை பல. காசு, உடுப்பு, மருந்து என்று போகிற அந்தப் பட்டியலில் சில வருடங்களாக இன்னொன்றும் சேர்ந்திருந்தது: இணையத்தில் படம் பார்க்கிற ஓடிடி தளத்தின் கடவுச்சொல். ரொறன்ரோவில் நான் மாதச் சந்தா கட்டுவேன். இலங்கையில், கிளிநொச்சிப் பக்கம் இருக்கிற வட்டக்கச்சியில் தங்கச்சி வீட்டு ரிவியில் அம்மா, தங்கச்சி, தங்கச்சியின் மகளான என் மருமகள் மூவரும் அதே கணக்கில் பார்ப்பார்கள். ஒரு படத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போனில் அதைப் பற்றிக் கதைப்போம். அம்மாவோடு கதைக்க அப்படி ஒரு விஷயம் இருந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

அது நின்றுபோனது. ஏன் நின்றது, இனி என்ன செய்யலாம் என்பதை இந்தமுறை ஊருக்குப் போனபோது கூடவே இருந்து பார்த்தேன். வங்கி, ஆஸ்பத்திரி, கச்சேரி (அரச அலுவலகம்) பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். இதைப் பற்றி யாரும் எழுதிக் காணவில்லை. ஆனால் நான் போன வீடுகள் பலவற்றில் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

முதலில் பின்னணி. 2022ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் நெட்ஃபிளிக்ஸ் இரண்டு இலட்சம் சந்தாதாரர்களை இழந்தது. பத்து வருடங்களுக்கு மேலாக ஏறுமுகமாகவே இருந்த நிறுவனம் அது. அப்போது சந்தா கட்டிய வீடுகள் ஏறக்குறைய 22 கோடி. அதற்கு வெளியே 10 கோடிக்கு மேற்பட்ட வீடுகள் மற்றவர்களின் கடவுச்சொல்லில் பார்க்கின்றன என்று நிறுவனமே கணக்குச் சொன்னது. கடவுச்சொல்லைப் பகிர்வதுதான் அன்பு என்று 2017இல் ருவிட்டரில் எழுதியதும் இதே நிறுவனம்தான். 2023 பெப்ரவரியில் கனடாவில் கணக்கை ஒரு வீட்டுக்குள் அடக்கினார்கள். மே மாதம் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் அது வந்தது. டிஸ்னி பிளஸ் அந்த வருடம் நவம்பரில் கனடாவில் அதே வழிக்கு வந்தது.

‘வீடு’ என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதில்தான் எங்கள் பிரச்சினை முழுக்க இருக்கிறது. ஒரே இன்ரநெற் இணைப்பில் இருக்கிற கருவிகள்தான் ஒரு வீடு. வெளியே இருக்கிற ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் ‘மேலதிக உறுப்பினர்’ என்று தனிக்காசு கட்டலாம். கனடாவில் அது தொடங்கியபோது மாதம் 7.99 டொலர். சரி, கட்டிவிடுவோம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த மேலதிக உறுப்பினர் கணக்குக்காரர் இருக்கும் அதே நாட்டில் இருக்க வேண்டும். மொன்றியலில் இருக்கிற சித்தப்பாவைச் சேர்க்கலாம். வட்டக்கச்சியில் இருக்கிற அம்மாவைச் சேர்க்க முடியாது.

இதைத் தங்கச்சிக்கு விளங்கப்படுத்தியபோது அவள் கேட்டாள்: “அண்ணா, காசு கட்டுறம் எண்டாலும் விடமாட்டினமோ?”

விடமாட்டார்கள். அதற்கு அவர்கள் பக்கத்தில் காரணம் இருக்கிறது. படங்களின் உரிமையை நாடு நாடாகத்தான் வாங்குகிறார்கள், விலையையும் நாடு பார்த்துத்தான் வைக்கிறார்கள். இந்தியாவில் போனில் மட்டும் பார்க்கிற நெட்ஃபிளிக்ஸ் திட்டம் 2019இல் மாதம் 199 ரூபாவுக்கு வந்து, 2021 டிசம்பரில் 149 ஆகக் குறைந்தது. கனடாவில் அப்படி எதுவும் இல்லை. ஒரு நாட்டுக் கணக்கை இன்னொரு நாட்டில் பாவிக்க விட்டால் எல்லோரும் மலிவான நாட்டில்தான் கணக்குத் திறப்பார்கள். அது எனக்கு விளங்குகிறது. ஆனால் போரும் இடப்பெயர்வும் பிரித்துப்போட்ட குடும்பங்கள் இன்னும் ஒரே குடும்பமாகத்தான் சீவிக்கின்றன. எங்கள் வரவு செலவு ஒன்று, நல்லது கெட்டது ஒன்று. மேலதிகக் காசு தருகிறோம் என்கிற குடும்பத்துக்கு ஒரு வழி வைக்காதது சரியென்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

விலை மாறிய விதத்தையும் சொல்ல வேண்டும். ‘உங்கள் திட்டம் மாறுகிறது’ என்று மின்னஞ்சல் வந்தால் பலர் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். தொகையைவிட முக்கியமானது எந்தத் திட்டம் காணாமல் போகிறது என்பது. கனடாவில் நெட்ஃபிளிக்ஸ் 2022 நவம்பரில் விளம்பரத்தோடு 5.99 டொலருக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2023 ஜூனில் விளம்பரமில்லாத 9.99 டொலர் அடிப்படைத் திட்டத்தைப் புதியவர்களுக்கு நிறுத்தியது. அடுத்த வருடம் பழையவர்களிடம் இருந்தும் அதை எடுக்கத் தொடங்கியது. 2025 ஜனவரியில் விளம்பரத் திட்டம் 7.99, சாதாரணத் திட்டம் 18.99, பிரீமியம் 23.99 என்று ஏறியது. ஆக, விளம்பரமில்லாமல் 9.99க்குப் பார்த்தவருக்கு அதே வசதி 18.99 ஆகிவிட்டது. நடுவில் படி இருக்கவில்லை. அமேசான் பிரைம் வீடியோ வேறு வழியில் போனது. 2024 பெப்ரவரியில் கனடாவில் எல்லோருக்கும் விளம்பரத்தைப் போட்டுவிட்டு, அது வேண்டாம் என்றால் மாதம் 2.99 மேலதிகமாகக் கட்டு என்றது. இந்தியாவில் 2025 ஜூனில் அதே முறை, மாதம் 129 ரூபா. திட்டத்தின் பெயர் மாறவில்லை, உள்ளே இருக்கிற பொருள் மாறிவிட்டது. இதுவும் விலையேற்றம்தான்.

இலங்கையில் கணக்கு வேறு மாதிரி. நெட்ஃபிளிக்ஸ் அங்கே 2016 ஜனவரியில் வந்தது, அந்த வருடக் கடைசியில் பிரைம் வீடியோவும் வந்தது. நெட்ஃபிளிக்ஸ் விளம்பரத்தோடு மலிவுத் திட்டத்தைத் தொடங்கிய 12 நாடுகளில் இலங்கை இல்லை. விலை அமெரிக்க டொலரில். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. நிறுவனம் ஒரு சதமும் கூட்டாமலே, நெல்லு வித்துச் சீவிக்கிற வீட்டுக்குச் சந்தா ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. 2025இல் 300 ரூபா பக்கத்தில் நின்றது. அதன்மேல் வங்கியின் நாணயமாற்றுக் கட்டணம். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி) விதிக்க 2025இல் சட்டம் கொண்டுவந்தார்கள். அமுலுக்கு வரும் நாள் முதலில் 2025 ஒக்டோபர் 1 என்று இருந்து, பிறகு 2026 ஏப்ரல் 1க்குத் தள்ளிப்போனது. ஊரில் புதிதாகச் சந்தா எடுக்கிறவர்கள் திரையில் தெரிகிற டொலரை நம்பாமல், வங்கியில் உண்மையில் கழிந்த ரூபாவைப் பார்த்து முடிவெடுங்கள்.

அந்த ரூபாவைக் கட்டுவதே அங்கே ஒரு வேலை. தங்கச்சியிடம் இருக்கிற பாங்க் காட் ஏ.ரி.எம்மில் காசு எடுக்கிற காட். வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்கு அதைத் திறந்துவிட வேண்டும். கிளிநொச்சி ரவுனில் கிளைக்குப் போய், படிவம் நிரப்பி, போன் நம்பர் சரிபார்த்துக் கேட்டோம். கவுண்டரில் இருந்த பிள்ளை நல்ல பொறுமை. தமிழில் எல்லாம் சொன்னா, வேலை அன்றைக்கே முடிந்தது. எல்லை எவ்வளவு வைக்கலாம் என்று அவவாகவே கேட்டு, சந்தாவுக்குப் போதுமான சின்னத் தொகையாக வைத்துவிட்டா. இது நல்ல யோசனை. இணையத்தில் காட் நம்பர் களவு போனாலும் சேதம் அந்த எல்லையோடு நின்றுவிடும்.

இந்த அலைச்சல் இல்லாத குறுக்கு வழியும் ஊரில் ஓடுகிறது. சந்திக்குச் சந்தி இருக்கிற கொமினிகேசன் கடைகளிலும் முகநூலிலும் ‘ஸ்லொட்’ விற்கிறார்கள். யாரோ ஒருவருடைய பிரீமியம் கணக்கைப் பல பேருக்குப் பிரித்து, ஆளுக்கு ஒரு புரொஃபைல் என்று மாதக்காசு வாங்குவார்கள். மருமகள் பள்ளிக்கூடத் தோழியோடு சேர்ந்து அப்படி ஒன்று வாங்கியிருந்தாள். பாதி மாதத்தில் கடவுச்சொல் மாறிவிட்டது. கடைக்குப் போய்க் கேட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருந்த தம்பி, கீறல் விழுந்த போனில் ஒரு வட்ஸ்அப் உரையாடலைத் திறந்து காட்டினான். அவனுக்கு விற்ற ஆள் கொழும்பில். இவன் அனுப்பிய செய்திகள் போய்ச் சேராமல் ஒற்றைச் சரியோடு வரிசையாக நின்றன. “அண்ணை, எனக்கும் காசு போட்டுது. பிள்ளையின்ர காசை நான் திருப்பித் தாறன்,” என்றான், தந்தும் விட்டான். அவனில் பிழை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இந்த வியாபாரம் தளங்களின் விதிக்கு மாறானது, முறையிட ஆளும் கிடையாது. பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று என்னைக் கோபப்படுத்தியது. அம்மாவின் போனில் ரீலோட் போட்டால் அடுத்தடுத்த நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. தேடிப் பார்த்தால், ஒரு வீடியோச் சேவைக்கும் ஒரு பாட்டுச் சேவைக்கும் நாளாந்தச் சந்தா ஓடிக்கொண்டிருக்கிறது. எப்போதோ வந்த ஒரு பெட்டியில் விரல் பட்டிருக்க வேண்டும். அறிவிப்பு ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. 74 வயது மனுசிக்கு, தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவவுக்கு, ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டுச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அநியாயம். வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து, தமிழுக்கு உரிய இலக்கத்தை அமர்த்தி, கனநேரம் காத்திருந்து இரண்டையும் நிறுத்தினோம். குறுஞ்செய்தி மொழியையும் தமிழுக்கு மாற்றச் சொன்னோம், மாற்றினார்கள். ஊருக்குப் போகிறவர்கள் அம்மா அப்பாவின் போனை எடுத்து இதை ஒருக்கால் பாருங்கள். படத்துக்கு என்று அவர்கள் விரும்பிக் கட்டுகிற காசைவிட, தெரியாமல் போகிற காசு கூடவாக இருக்கலாம்.

இனி டேட்டா. வன்னியில் படம் பார்ப்பதற்கான பெரிய செலவு பல வீடுகளில் சந்தா இல்லை, டேட்டாதான். கிளிநொச்சி ரவுனில் ஃபைபர் இருக்கிறது. வட்டக்கச்சி வீட்டில் நாலாம் தலைமுறை (4ஜி) ரவுட்டர் ஒன்று, யன்னல் கட்டில் ரவர் பக்கம் பார்த்து வைத்திருக்கிறார்கள். மாத டேட்டா முடிந்தால் போனில் சின்னச் சின்ன டேட்டாக் காட். நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்கின்படி எச்.டி. தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 3 ஜீபி வரை போகும். நடுத்தரத்தில் 0.7 ஜீபி. இரண்டரை மணித்தியாலத் தமிழ்ப் படம் ஒன்று முதலாவதில் 7.5 ஜீபி, இரண்டாவதில் 1.75 ஜீபி. போனில் டேட்டா மிச்சம் பிடிக்கிற அமைப்பைப் போட்டால் ஒரு ஜீபியில் ஆறு மணித்தியாலம் வரை பார்க்கலாம். தங்கச்சி வீட்டில் எல்லாமே தானியங்கி அமைப்பில் கிடந்தது. இணைப்பு நன்றாக இருக்கிற இரவு நேரத்தில் அது தானாகவே உயர்ந்த தரத்துக்குப் போய் மாத டேட்டாவைக் குடித்துவிடும். கணக்கு அமைப்புக்குள் போய், புரொஃபைல் ஒவ்வொன்றிலும் நடுத்தரம் என்று மாற்றினோம். 32 அங்குல ரிவியில் அம்மாவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

இதே காரணத்தால் ஊரில் பிரீமியம் எடுப்பது வீண். அதில் கூடக் கட்டுவது முக்கியமாக 4கே தரத்துக்கும் நாலு கருவியில் ஒரே நேரத்தில் பார்ப்பதற்கும். 4கேக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும். அந்த ரவுட்டரில் மழை நாளில் அதில் பாதியும் வராது. நாங்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு “நல்லதையே எடு” என்று சொல்லிவிடுகிறோம். அங்கே நல்லது எது என்பது ரவரில் இருக்கிறது.

கடைசியில் வீட்டில் இருந்து கதைத்து முடிவெடுத்தது இதுதான். தங்கச்சியின் பெயரில், அவளுடைய காட்டில், இலங்கைக் கணக்காகக் குறைந்த திட்டம் ஒன்று. அந்தக் காசை நான் தர வேண்டியதில்லை, அவள் தானே கட்டுவாள். நான் ரவுட்டரின் மாதப் பொதியைக் கட்டுகிறேன். அது என் பெயரிலோ கனடாவிலோ இருக்க வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. அதோடு, அது படத்துக்கு மட்டும் போகாது, மருமகளின் படிப்புக்கும் உதவும். என் கனடாக் கணக்கை நானும் ஒரு படி கீழே இறக்கிவிட்டேன். நாலு கருவி வைத்திருந்ததே ஊருக்காகத்தான்.

அம்மாவுக்கு இதில் எதுவும் பெரிதில்லை. அவவுக்கு வேண்டியது நாடகம், கோயில் திருவிழாக் காணொளி, பழைய பாட்டு. அதெல்லாம் யூடியூப்பில் இருக்கிறது. ரிவி ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று மருமகள் சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு புள்ளி போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

புதிய கணக்கு இப்போதைக்கு நிறுத்தத்தில் இருக்கிறது. மருமகளுக்கு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை வருகிறது, அது முடியும்வரை வேண்டாம் என்று அவளே சொன்னாள். மாதச் சந்தாவில் இது ஒரு வசதி. நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளத்தில் நிறுத்திய பிறகும் பல மாதங்களுக்குப் புரொஃபைலும் பார்த்த பட்டியலும் அப்படியே கிடக்கும். நிறுத்தினாலும் கட்டிய மாதம் முடியும்வரை பார்க்கலாம். பரீட்சை முடிந்து திரும்ப எடுக்கும்போது அன்றைய விலையையும், அன்றைய டொலரையும், வற் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துச் சொல்வதாகத் தங்கச்சியிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.