கண்மாய்க்கரை மினரல் டப்பா: போலீஸ் தேர்வுக்கு ஓடும் பிள்ளைகளின் வீட்டார் கவனத்துக்கு

திருமங்கலம் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் என் தம்பி போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறான். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். இவனுக்கு 20 விநாடி கூடுதலாக ஆனது. "வேர்வையில மினரல் பூரா போயிருதுடா, அதான் கடைசி ரவுண்டுல கால் இழுக்குது" என்று பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் ஒரு பவுடர் டப்பாவை நீட்டியிருக்கிறார். 2,400 ரூபாய். அம்மா சீட்டுப் பணத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தார்.

நாலாம் நாளே வயிற்றுப்போக்கு. பிள்ளை சுருண்டு படுத்துவிட்டான். அப்புறம்தான் டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். விலை ஸ்டிக்கரின் ஒரு ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் சுரண்டினால், அடியில் அச்சடித்த விலை 1,150! அச்சிட்ட எம்.ஆர்.பி.யை மறைத்து விலையைக் கூட்டி ஒட்டவே கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) கொடுக்கும் 14 இலக்க உரிம எண்ணும் எங்கேயும் இல்லை. சேர்மானத்தில் முதலில் இருந்தது மெக்னீசியம் ஆக்சைடு. மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற சரக்கு அது, வயிறு கலங்காமல் என்ன செய்யும்?

கூடவே இரும்புச்சத்து. எனக்குப் பயமே அதுதான். இரும்பு குறைந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்தால் ஓட்டம் தேறும், அது உண்மை. குறையாதவர்களுக்கு ஒரு விநாடிகூட மிச்சமாகாது. மிஞ்சிய இரும்பை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது, ஈரலில் போய்ச் சேரும். பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். ஹீமோகுளோபின், உடம்பில் சேமித்து வைத்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரெண்டுமே சரியாக இருந்தன. அப்படியென்றால் இந்த டப்பா எதற்கு?

கோளாறு வேறு இடத்தில். ஊரில் போலீஸாக இருக்கும் ஒரு அண்ணன் வாட்சைப் பிடித்துப் பார்த்துச் சொன்னார்: தம்பி முதல் 400 மீட்டரை 90 விநாடியில் பாய்கிறான். மொத்த ஓட்டத்தை 7 நிமிடத்தில் முடிக்க, 400 மீட்டருக்கு 112 விநாடி போதும். முதலிலேயே பாய்வதால்தான் கடைசியில் கால் இழுக்கிறது. ஏழு நிமிட ஓட்டத்தில் வேர்வையோடு போகிற உப்பு கொஞ்சம்தான். மணிக்கணக்கில் வெயிலில் ஓடுகிறவர்களுக்கு உள்ள கணக்கைச் சொல்லி விற்றிருக்கிறார்கள். இப்போது நிதானமாகக் கிளம்பி 6:50-க்கு வந்துவிடுகிறான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சீல் உடைச்சாச்சேம்மா" என்கிறார் மாஸ்டர். பில்லும் போடவில்லை. ஜிபேயில் அனுப்பிய ஆதாரம் இருக்கிறது, அதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதே கரையில் இன்னும் பல பிள்ளைகள் இதைக் குடித்துவிட்டுத்தான் ஓடுகிறார்கள். உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள், ஸ்டிக்கரைச் சுரண்டிப் போட்டோ எடுத்து வையுங்கள். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புகாருக்கு அதுதான் சாட்சி.