லண்டன் பக்கத்துல ஓரியன்டீரிங் கிளப் ஈவென்ட்: புதுசா போறவங்களுக்கு எப்படி இருக்கும்?

பார்க்ரன் (பார்க்ல வாராவாரம் நடக்குற 5 கிலோமீட்டர் ஓட்டம்) ஓடி ஓடி அலுத்துப்போனவங்களும், சண்டே காலைல பிள்ளைங்கள ஐபேட்ல இருந்து எப்படி பிரிக்கிறதுனு முழிக்கிறவங்களும் படிங்க. லண்டன சுத்தி ஓரியன்டீரிங் கிளப் நிறைய இருக்கு, எல்லாம் பிரிட்டிஷ் ஓரியன்டீரிங் அமைப்புல சேர்ந்த, சம்பளம் இல்லாம வாலன்டியர்ஸ் நடத்துற கிளப்தான். நாங்க போறது எதுனு சொல்லல, ஏன்னா குறையும் சொல்லப்போறேன்.

ஆட்டம் சிம்பிள். கைல ஒரு மேப், ஒரு காம்பஸ். காட்டுக்குள்ள அங்கங்க ஆரஞ்சும் வெள்ளையுமா மூணு பக்கம் இருக்குற துணி தொங்கும், அதுதான் கன்ட்ரோல். வரிசைப்படி ஒவ்வொண்ணா தேடிப்பிடிச்சு, விரல்ல மாட்டிருக்குற டிப்பர (dibber, டைம் பதிவு பண்ற குட்டி சிப்) அங்க இருக்குற பாக்ஸ்ல விட்டா பீப்னு சத்தம் வந்து லைட் மின்னும், டைம் பதிவாயிடும். நடுவுல எந்த வழியா போறோம்ங்கிறது நம்ம இஷ்டம். மொபைல எடுத்து வழி பாக்குற கதையெல்லாம் இங்க கிடையாது.

கோர்ஸ் எல்லாம் கலர் கணக்கு. வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, இளம்பச்சை, பச்சை, நீலம், பிரவுன், பிளாக். தூரம் மட்டும் கூடிட்டே போகும்னு நெனச்சு பார்க்ரன் பழக்கத்துல நேரா பச்சைல பேர் குடுக்குறவங்க நிறைய பேரு, அங்கதான் சிக்கல். வெள்ளைல பாதை பிரியுற இடத்துல எல்லாம் ஒரு கன்ட்ரோல் இருக்கும், சின்ன பசங்க அப்பா அம்மா கூட ஜாலியா முடிச்சிடுவாங்க. மஞ்சள்ல பாதை, வேலி, ஓடைனு ஏதாவது ஒண்ண பிடிச்சுட்டே போனா போதும். ஆரஞ்சுல குறுக்கு வழி போகலாமா வேணாமானு நாமளே முடிவு பண்ணணும். பச்சைக்கு வந்துட்டா பாதைக்கும் கன்ட்ரோலுக்கும் சம்பந்தமே இருக்காது. தூரம் 4 கிலோமீட்டர் சொச்சம்னுதான் போட்டிருப்பாங்க, ஆனா அது பறவை பறக்குற மாதிரி நேர்கோட்டுல அளந்தது, நாம சுத்திட்டு போறப்போ தாராளமா கூட ஆகும். நீலம், பிரவுன் எல்லாம் கஷ்டத்துல பச்சை மாதிரியேதான், நீளம்தான் ஜாஸ்தி. அதனால பெரியவங்க புதுசா வந்தா ஆரஞ்சு எடுங்க. ரொம்ப பயமா இருந்தா மஞ்சள், தப்பே இல்ல.

பச்சைல வர்ற ஒரு குழி கன்ட்ரோல் எப்படி இருக்கும்னு சொல்றேன். மேப்ல பிரவுன் கலர்ல குட்டியா ஒரு 'வி' அடையாளம், அவ்வளவுதான். அந்த மேப்ல வெள்ளையா இருந்தா ஓடுறதுக்கு வசதியான காடு, மஞ்சள்னா வெட்டவெளி, பச்சை அடர்த்தியாக ஆக புதர் ஜாஸ்தி. இடுப்பளவு பெரணிச்செடிக்குள்ள நின்னா பத்தடி தள்ளி இருக்குற குழி கூட கண்ணுக்கு படாது. வெவரம் தெரிஞ்சவங்க நேரா குழிய தேடவே மாட்டாங்க, பக்கத்துல கண்டிப்பா கண்ணுல படுற மாதிரி ஒரு வேலி முனையோ ஓடை வளைவோ இருக்கும், அதுவரைக்கும் வேகமா போய்ட்டு அங்கிருந்து காம்பஸ் வெச்சு அடியெண்ணி மெதுவா நடந்து போவாங்க. துணி தெரிஞ்சதும் நம்பரையும் சரி பாப்பாங்க, ஏன்னா பக்கத்துலயே வேற கோர்ஸோட கன்ட்ரோல் தொங்கும். இந்த வித்தைய 70 வயசு தாண்டின பாட்டி ஒருத்தங்க சர்வசாதாரணமா பண்ணிட்டு நம்மள தாண்டி போறத பாக்கணுமே!

இப்ப குறை. ஈவென்ட் விவரம் எழுதுறவங்க எல்லாம் காலகாலமா இதுலயே ஊறினவங்க, அதனால புது ஆளுக்கு தலையும் புரியாது வாலும் புரியாது. கால் முழுக்க மூடுற டிரெஸ் கட்டாயம்ங்கிறது எங்கயோ கடைசி வரில இருந்துச்சு, அத பாக்காம ஷார்ட்ஸ்ல வந்தவர் பாவம், கார்ல இருந்து மழை பேன்ட் எடுத்து மாட்டிட்டு ஓடினார். புதுசா வந்தவங்களுக்கு மேப் சொல்லித்தர்றேன்னு போட்டிருந்தாங்க, ஆனா அதுக்கு இருந்த ஒரே ஆள்தான் டிப்பர் வாடகையும் பாத்துட்டு இருந்தார், ரெண்டு நிமிஷம் பேசினதே பெருசு. பார்க்கிங் காசு தனி, டாய்லெட் கிடையாது. காபிய வீட்லயே பிளாஸ்க்ல போட்டு எடுத்துட்டு போயிடுங்க.

பெரியவங்களுக்கு கிட்டத்தட்ட 10 பவுண்ட் ஆச்சு, பிள்ளைங்களுக்கு ரொம்ப கம்மி. அந்த காசுக்கு சாயங்காலமே ரிசல்ட் வருது, எந்த கன்ட்ரோலுக்கு எவ்வளவு நேரம் எடுத்தோம்னு ஒவ்வொண்ணா பிரிச்சு. அத வெச்சு நீ ஏன் மேட்ட சுத்திட்டு போன, நான் ஏறி இறங்கினேன்னு வீட்ல நடக்குற வாக்குவாதம் இருக்கே, எனக்கு ஓட்டத்த விட அதுதான் பிடிக்கும். நல்லா தேறினவங்களுக்கு ஈஸ்டர் லீவுல ஜேகேனு (Jan Kjellström பேர்ல நடக்குற பெரிய ஓரியன்டீரிங் போட்டி) ஒண்ணு இருக்கு, 1967ல ஆரம்பிச்சது, ஸ்பிரின்ட், மிடில், லாங், ரிலேனு நாலு நாள் திருவிழா.

கோர்ஸுக்கும் மேப்புக்கும் 5க்கு 5, புது ஆளுங்கள கவனிக்கிறதுக்கு 5க்கு 3 குடுப்பேன். காசு குடுக்குறதுக்கு முன்னாடி சும்மா பாக்கணும்னா நிறைய பார்க்ல நிரந்தரமா கட்டை நட்டு வெச்ச கோர்ஸ் இருக்கு, மேப்ரன் ஆப்லயும் ஃப்ரீயா பழகலாம். கிளப் ஈவென்ட்ல பாதில விட்டுட்டு வந்தாலும் டிப்பர்ல பதிவான டைம எடுக்குற டவுன்லோடு டேபிள்ல அத காட்டாம வண்டிய எடுத்துடாதீங்க, உள்ள மாட்டிக்கிட்டீங்கனு நெனச்சு தேட கிளம்பிடுவாங்க. வீட்டுக்கு வந்ததும் முட்டிக்கு பின்னாடி உண்ணி ஏதும் ஒட்டிருக்கானு பாருங்க, முக்கியமா பிள்ளைங்களுக்கு.