எட்டு வருட ஏ.சி.: கேஸ் கம்மி என்றார்கள், குழாயில் பாசி இருந்தது

திருவான்மியூரில் கடற்கரைக்குப் பத்து நிமிட நடைதூரத்தில் எங்கள் வீடு, இரண்டாம் மாடி. 2017 மே மாதம், கத்திரி வெயில் தாங்காமல் படுக்கையறைக்கு 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏ.சி. ஒன்று வாங்கினோம். கம்பெனி பெயர் வேண்டாம். நான் பட்ட தொல்லைகள் எந்தக் கம்பெனி ஏ.சி.க்கும் வரக்கூடியவைதான்.

முதல் இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. வருட ஒப்பந்தத்தில் மூன்று சர்வீஸ். வருகிற பையன் ஃபில்டரைக் கழற்றி பாத்ரூம் குழாயில் காட்டுவான், முன்மூடியை ஈரத்துணியால் துடைப்பான், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான். இருபது நிமிடம். இதுதான் சர்வீஸ் போலிருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன்.

மூன்றாவது கோடையில் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு முகத்தில் சொட்டென்று தண்ணீர். லைட்டைப் போட்டுப் பார்த்தால் இண்டோர் யூனிட்டின் ஓரத்திலிருந்து சுவர் வழியாக வழிந்து, தலையணை பாதி நனைந்திருக்கிறது. மறுநாள் கம்பெனியிலிருந்து வந்தவர், குளிரவைக்கும் கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, "சார், கேஸ் கம்மியா இருக்கு, போட்டுடலாமா?" என்றார். 2,800 ரூபாய். பத்தே நாளில் மறுபடி சொட்டு.

கீழ்வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கை அனுப்பினார். ஐம்பது வயதுக்காரர். நான் கேஸ் கதையைச் சொன்னதும் சிரித்தார். "கேஸ் என்ன பெட்ரோலா சார், ஓட ஓடத் தீர்றதுக்கு? உள்ளயே சுத்தி வர்றது. குறைஞ்சா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டையப் பாக்காம போட்டா, போட்டதும் போயிடும்." இன்வெர்ட்டர் ஏ.சி.யில், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் வேகம் கூடிக் குறைவதால் கேஜ் முள்ளும் கூடவே ஆடும், அதை மட்டும் வைத்து கேஸ் கம்மி என்று சொல்லக்கூடாது என்றார். பிறகு தண்ணீர் வெளியேற வெளியே தொங்கிய டிரெயின் பைப்பில், கையோடு கொண்டுவந்த காற்றூதும் மெஷினை வைத்து ஊதினார். ஆறிய ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி, பழுப்பு நிறத்தில் ஒரு முழம் நீளத்துக்குப் பாசி வழுக்கிக்கொண்டு பால்கனியில் விழுந்தது. அவ்வளவுதான் வியாதி.

யோசித்தால் புரிகிறது. இண்டோர் யூனிட்டுக்குள், கேஸ் ஓடும் குழாய்ச் சுருளான காயில் குளிர்ந்திருக்கும். அதில் ஈரக்காற்று பட்டால் வியர்க்கும். அந்த வியர்வை தட்டில் விழுந்து பைப் வழியாக வெளியேற வேண்டும். கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஒரு ஜூன் மாத ராத்திரி வாளி வைத்துப் பார்த்தேன், விடிவதற்குள் நிரம்பிவிட்டது. அதோடு தூசியும் சேர்ந்தால் பாசி கட்டாமல் என்ன செய்யும். (அந்தத் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாம் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. காயில் அழுக்கைக் கழுவி வரும் தண்ணீர் அது. நான் வீடு துடைக்க மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.)

அன்றைக்கே, அறைக்குள் காற்றைத் தள்ளும் புளோயர் உருளையையும் மெக்கானிக் கழற்றிக் காட்டினார். இறக்கைகளின் இடுக்கு முழுக்கக் கறுப்பு, விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டியது. ஏ.சி. போட்டதும் அடிக்கும் ஈரத்துணி வாசனைக்கும், என் மனைவியின் காலைத் தும்மலுக்கும் காரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, மெயினை அணைத்துவிட்டு ஃபில்டரை நானே கழற்றுகிறேன். வலையின் உள்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்தால் தூசி தானாகக் கழன்றுவிடும். வெளிப்பக்கத்திலிருந்து அடித்தால் இன்னும் உள்ளேதான் அடைகிறது. நிழலில்தான் காய வைக்க வேண்டும். ஒருமுறை மொட்டைமாடி வெயிலில் போட்டுச் சட்டம் வளைந்து, புதிது வாங்கினேன். காலையில் அணைப்பதற்கு முன் கால் மணி நேரம் ஃபேன் மோடில் ஓட விடுகிறோம், உள்ளே ஈரம் காயட்டும் என்று. வாசனை பெரும்பாலும் போய்விட்டது.

வருடத்துக்கு ஒருமுறை, மார்ச்சில், அதே மெக்கானிக் வந்து பம்ப் வைத்துக் கழுவுகிறார். கூடவே நில்லுங்கள். ஒரு வருடம் நான் ஊரில் இல்லாதபோது வேறு ஆளை வைத்துக் கழுவியதில் எலக்ட்ரானிக் போர்டில் தண்ணீர் இறங்கி, இரண்டு நாள் ரிமோட்டுக்கே அசையவில்லை.

நிஜமான கேஸ் கசிவும் வந்தது, 2022இல். அதற்குக் காரணம் உப்புக்காற்று. அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகள் வெள்ளை பூத்து, தொட்டால் உதிர்ந்தன. காயில் வளைவில் எண்ணெய்க் கசிவு தெரிந்தது. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சுற்றுவதால் ஓட்டையுள்ள இடத்தில் அது வெளியே தெரியும். சோப்பு நுரை வைத்ததும் அங்கே குமிழ் விட்டது. மெக்கானிக் இருந்த கேஸை எடுத்து, ஓட்டையைப் பற்றவைத்து அடைத்து, நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வேக்யூம் போட்டு, யூனிட் லேபிளில் எழுதியிருக்கும் கிராம் கணக்குப்படி தராசில் நிறுத்து ஆர்-32 என்ற கேஸை ஏற்றினார். அரைநாள் வேலை. முன்பு 2,800 ரூபாய்க்கு நடந்தது பத்து நிமிட வேலை என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது மாதம் ஒருமுறை அவுட்டோரை அணைத்துவிட்டு, கார்ப்பரேஷன் தண்ணீரால் மெதுவாக நனைத்து உப்பைக் கழுவுகிறேன். வேகமாகப் பீச்சினால் தகடு மடங்கிவிடும். நடுவில் ஒருமுறை பல்லி நுழைந்து போர்டில் கருகிக் கிடந்தது. அதற்கு நான் என்ன பராமரிப்பு செய்ய?

கரண்ட் பில்லில் கண்கூடாகத் தெரிந்த வித்தியாசம், சுத்தம் செய்வதோடு 20இல் வைத்துப் போர்வைக்குள் சுருளும் பழக்கத்தை விட்டு 26இல் ஃபேனோடு ஓட்டியதில் வந்தது. கோடையின் இரண்டு மாதக் கணக்கு இப்போது 500 யூனிட்டுக்குள் நிற்கிறது. எது எவ்வளவு மிச்சம் பிடித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

போன மார்ச்சில் மெக்கானிக் அவுட்டோர் காயிலைத் தட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு சம்மர் தாங்கும் சார், அப்புறம் காயிலுக்குக் காசு போடாதீங்க" என்றார். ஒரு சம்மர் முடிந்திருக்கிறது.