பிஎச்பியின் & குறி: எங்கே போடலாம், எங்கே வேண்டாம்

இணையதளங்கள் எழுத உதவும் நிரல்மொழியான பிஎச்பியில், மாறிக்கு (மதிப்பைத் தாங்கும் பெயருக்கு) முன்னால் ஒரு & போட்டால் ரெஃபரன்ஸ் ஆகிவிடும். தினமும் இதோடு மல்லுக்கட்டுகிறவன் என்கிற முறையில் என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு மூன்று வேலைகளுக்கு இதை அடித்துக்கொள்ள வேறு வழியில்லை, மற்றபடி விலை கொடுத்து வாங்குகிற தலைவலி.

சி என்ற நிரல்மொழி தெரிந்தவர்கள் இதைப் பாயிண்டர், அதாவது மெமரி முகவரியை வைத்திருக்கும் மாறி, என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். அப்படி இல்லை. கையில் எந்த முகவரியும் வராது, அதைக் கூட்டிக் கழித்து நகர்த்தவும் முடியாது. வீட்டில் குட்டி என்று கூப்பிடுகிற பையனுக்கு ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்குமே, அதுபோல ஒரே மதிப்புக்கு இரண்டு பெயர், அவ்வளவுதான். ஒரு பெயரை அன்செட் செய்தால், அதாவது நீக்கினால், அந்தப் பெயர் மட்டும் போகும், மதிப்பு இன்னொரு பெயரில் பத்திரமாக இருக்கும்.

எனக்கு இது உண்மையிலேயே பிடித்துப்போன இடம், டேட்டாபேஸிலிருந்து வரிசையாக வரும் வகைப்பட்டியலை மரமாக அடுக்குவது. ஒவ்வொரு வரிசையிலும் அதன் ஐடியும் தாய் ஐடியும் இருக்கும். எல்லாவற்றையும் ஐடி வாரியாக ஒரு அரேயில் (மதிப்புகளின் பட்டியலில்) போட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் அதன் தாயின் பிள்ளைகள் பட்டியலில் & போட்டுச் சேர்த்தால், எது முன்னால் வந்தது எது பின்னால் வந்தது என்ற கவலையே இல்லாமல் ஒரே சுற்றில் மரம் தயார். ரெகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுவது) வேண்டாம், திரும்பத் திரும்பத் தேடவும் வேண்டாம். & இல்லாமல் சேர்த்தால் பிள்ளையின் நகல்தான் உள்ளே போகும், பேரப்பிள்ளைகள் அப்புறம் வந்தால் அந்த நகலுக்குத் தெரியாது.

இன்னொன்று, ஃபங்ஷனே நம் மாறியை மாற்ற வேண்டிய இடங்கள். வரிசைப்படுத்தும் சார்ட் ஃபங்ஷன் அப்படித்தான், கொடுத்த அரேயையே அடுக்கிவிட்டு ட்ரூ (ஆம்) என்று மட்டும் திருப்பித் தரும். இது தெரியாமல் அதன் விடையை அதே மாறியில் வாங்கினால் அரே போய்விடும், கையில் ட்ரூ மட்டும் நிற்கும். எழுத்துத் தொடரில் ஒரு வடிவத்தைத் தேடும் ப்ரெக் மேட்ச் ஃபங்ஷன் மூன்றாவது இடத்தில் கொடுக்கும் மாறியை நிரப்பித் தருவதும் இதே வகை.

சரி, கெட்டதுக்கு வருவோம். அரேயின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஃபோர்ஈச் சுற்றில் $விலை என்ற மாறிக்கு முன்னால் & போட்டு அரேயை மாற்றுகிறீர்கள். சுற்று முடிந்த பிறகும் $விலை கடைசி உறுப்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும், அதை யாரும் சொல்ல மாட்டார்கள். கீழே இன்னொரு ஃபோர்ஈச், அதே பெயர், இந்த முறை & இல்லை. அரேயில் 1, 2, 3 இருந்தது என்றால், ஒவ்வொரு சுற்றிலும் $விலை-க்குப் போகும் மதிப்பு கடைசி உறுப்பின் மேலேயே எழுதப்படும்: முதலில் 1, பிறகு 2, மூன்றாவது சுற்றில் அங்கே இருக்கும் 2-ஐயே எடுத்து அங்கேயே வைக்கும். மிஞ்சுவது 1, 2, 2. எந்த எரரும் வராது. ஒரு கடையின் பில் பக்கத்தில் கடைசிப் பொருளைக் காணோம், அதற்கு முந்தையது இரண்டு முறை வருகிறது என்று தேடிக்கொண்டே போனால் கடைசியில் இதுதான் மாட்டும். முதல் சுற்று முடிந்ததும் $விலை-யை அன்செட் செய்யுங்கள், அல்லது கீயை (உறுப்பின் இட அடையாளத்தை) வைத்து நேராக அரேயிலேயே எழுதிவிடுங்கள். நான் இரண்டாவது கட்சி.

பெரிய அரே, நகல் எடுத்தால் மெமரி போகும், அதனால் & போடு என்ற அறிவுரைதான் எனக்கு எரிச்சல். பிஎச்பி அரேயை ஃபங்ஷனுக்குக் கொடுத்த மாத்திரத்தில் நகல் எடுப்பதே இல்லை, யாராவது அதில் எழுதும்போதுதான் எடுக்கும். படிக்க மட்டும் கொடுக்கிறீர்கள் என்றால் & போட்டு ஒரு பைசா லாபமில்லை. பிஎச்பி 5-இல் நிலைமை இன்னும் மோசம், ரெஃபரன்ஸாக வாங்கிய அரேயை உறுப்புகளை எண்ணும் கவுண்ட் ஃபங்ஷனுக்குக் கொடுத்தாலே முழு நகல் எடுக்கும். 7-இல்தான் அது சரியானது.

ஆப்ஜெக்டுக்கும் (தரவையும் அதற்கான ஃபங்ஷன்களையும் சேர்த்து வைத்த பொருளுக்கும்) அந்தக் குறி தேவையில்லை. 2004-இல் பிஎச்பி 5 வந்ததிலிருந்து ஃபங்ஷனுக்குள் போவது ஆப்ஜெக்டின் கைப்பிடிதான், உள்ளே ஒரு ப்ராப்பர்ட்டியை (அதில் இருக்கும் மதிப்பை) மாற்றினால் வெளியேயும் மாறியிருக்கும். பிஎச்பி 4 காலத்து நிரல்களில், புது ஆப்ஜெக்டை உருவாக்கும் நியூ என்ற சொல்லுக்கு முன்னால் & ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம், அது பிஎச்பி 7-இல் ஓடவே ஓடாது. யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.