கந்தகம் உருவும் பாக்டீரியான்னு வித்தாங்க, 14,800 ரூபாய் காலி

வயிறு எரியுது. ஆராய்ச்சி மாணவர்களுக்கு நுண்ணுயிர் கல்ச்சர் விக்கிற ஒரு ஆன்லைன் கடை. கேட்டது ரோடோகாக்கஸ் எரித்ரோபோலிஸ் ஐஜிடிஎஸ்8. டீசல்ல பிடிவாதமா நிக்கிற டைபென்சோதயோஃபீன்ல (சுருக்கமா டிபிடி) இருந்து, கார்பன் எலும்புக்கூட்டைத் தொடாம கந்தகத்தை மட்டும் உருவுற பாக்டீரியா. கடைசியில 2-ஹைட்ராக்சிபைஃபினைல் மிஞ்சணும்.

ஃபோன்ல பேசின கடை ஆள், கந்தகத்தை உருவுற நொதிகளை டிஎஸ்இசட் சி, ஏ, பின்னு, அதுங்க வேலை செய்யிற சரியான வரிசையில ஒப்பிச்சாரு. அகரவரிசையில உளறாம சி-யில ஆரம்பிச்சா, விஷயம் தெரிஞ்ச ஆள்னுதானே தோணும்? முழுப் பணமும் முன்கூட்டியே போச்சு.

வந்தது பாக்டீரியா வளர்ந்த ஒரு சாய்வு அகர் குழாய், கூடவே "ரெடிமேட்" டிபிடி கரைசல். டிபிடியைத் தவிர வேற கந்தகம் கிடைக்கக் கூடாதுன்னு மெக்னீசியம் சல்ஃபேட்டுக்குப் பதிலா குளோரைடு போட்ட மீடியம், 30 டிகிரி, ஷேக்கர். நல்லாவே கலங்குச்சு, அதாவது பாக்டீரியா வளர்ந்துச்சு. ஆனா 2-ஹைட்ராக்சிபைஃபினைல் இருந்தா நீலமாகுற கிப்ஸ் சோதனையில (பிஎச் 8, 30 நிமிஷம், 610 நானோமீட்டர்) நீலம் எட்டிக்கூடப் பாக்கல.

அப்ப எதைத் தின்னு வளர்ந்துச்சு? கரைசல் பாட்டில்ல பொடி எழுத்துல இருக்கு: கரைப்பான் டிஎம்எஸ்ஓ. அதுவே கந்தகச் சேர்மம்! அதுல இருந்து கந்தகம் எடுத்துக்கிற பாக்டீரியாவுக்கு டிபிடி பக்கம் போகவே வேண்டாம். டிபிடியை எத்தனால்லயோ டிஎம்எஃப்லயோ கரைக்கணும்.

80 டிகிரியில 10 நிமிஷம் சூடாக்கிப் பரப்பினா தட்டு முழுக்க காலனி. அந்தச் சூட்டைத் தாங்குறது ஸ்போர்தான், பாக்டீரியா போடுற உறக்க விதை மாதிரி. ரோடோகாக்கஸ் ஸ்போர் போடாது. மைக்ரோஸ்கோப்ல பாத்தா தடித்தடியா கோல், நடுவுல ஸ்போர். சாதாரண பேசில்லஸ் மாதிரி ஏதோ ஒண்ணு. இதுக்கா 14,800?

"கலங்கியிருக்குல்ல மேடம், அப்ப வேலை செய்யுது"ன்னாங்க முதல்ல. அப்புறம், "கிளாஸ்வேர்ல டிடர்ஜென்ட் ஒட்டியிருக்கும், சல்ஃபேட் பட்டா ஜீன் அடங்கிடும்." சல்ஃபேட் இருந்தா டிஎஸ்இசட் அடங்குறது நிஜம்தான். அதுக்காக ரோடோகாக்கஸ் ஸ்போர் போட ஆரம்பிக்குமா? படம் அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. பில்லுல "உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது"ன்னு இருக்காம். 14,800 ரூபாய்!

வாங்கப் போறவங்க சண்டிகர் எம்டிசிசி, புனே என்சிஐஎம்னு இருக்கிற அரசு நுண்ணுயிர் சேமிப்பு மையங்களோட பட்டியலை முதல்ல பாருங்க. தனியார்கிட்டன்னா அதே பேட்ச்சோட 16எஸ் சீக்வென்ஸ் (பாக்டீரியாவை அடையாளம் காட்டுற ஜீன் வரிசை) கேளுங்க. அது இனத்தை மட்டும்தான் சொல்லும், டிஎஸ்இசட் ஜீன் இருக்கான்னு பாக்க தனியா பிசிஆர் சோதனை வேணும். டிபிடியைப் பொடியா வாங்குங்க. குழாய் வந்த அன்னைக்கே சூடாக்கிப் பாத்துடுங்க. முழுப் பணம் முன்னாடி கொடுக்கவே கொடுக்காதீங்க.