பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ரசிகனாக நீண்ட காலம்: பழுது எப்போதும் குளிர்காலத்தில்தான்

அமெரிக்க பேஸ்பாலில், நேஷனல் லீகின் 2025 சீசனுக்கான மிகச் சிறந்த பிட்சர் (பந்து வீசுபவர்) என்ற சை யங் விருது 2025 நவம்பரில் எங்கள் பைரேட்ஸ் அணியின் பால் ஸ்கீன்ஸுக்குக் கிடைத்தது. வாக்களித்த 30 பேரும் அவரையே முதலிடத்தில் வைத்தார்கள். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரியாக 1.97. அவர் கணக்கில் எத்தனை வெற்றி? 10. எத்தனை தோல்வி? அதுவும் 10.

பைரேட்ஸ் ரசிகனாக இருப்பது எப்படி என்று கேட்பவர்களிடம் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் வருடக்கணக்காகப் புழங்கிய ஒன்றைப் பற்றி ஒரு பத்தியோடு நிறுத்தினால் வயிற்றெரிச்சல் தீராது.

மே 18 ஆட்டத்தைச் சொல்கிறேன். இடம் பிலடெல்பியா. எட்டு இன்னிங்ஸையும் ஸ்கீன்ஸ் ஒருவரே வீசினார் (முன்னிலையில் இருந்த பிலடெல்பியா ஒன்பதாவதில் பேட் செய்யத் தேவையில்லை). மூன்று ஹிட், ஒரு ரன், ஒன்பது ஸ்டிரைக்அவுட். முதல் முறையாக ஒரு ஆட்டத்தை முழுதாக வீசி முடித்த நாள். முடிவு 1-0, தோல்வி. நான் பைரேட்ஸ் பேட்டிங் வரும்போதெல்லாம் எழுந்துபோய் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு தட்டு கழுவிவிட்டு வந்து பார்த்தால் ஸ்கீன்ஸ் மறுபடியும் பந்து வீசும் மேட்டில் நிற்பார். அவ்வளவு சீக்கிரம் நம்மவர்கள் அவுட் ஆகிவிட்டிருப்பார்கள். அந்த சீசன் முழுக்க அணி எடுத்தது 583 ரன், அடித்தது 117 ஹோம் ரன். 30 அணிகளில் இரண்டிலுமே கடைசி. 71 வெற்றி, 91 தோல்வி.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2001-இல் திறந்த பிஎன்சி பார்க், நான் பார்த்தவற்றில் மிக அழகான மைதானம். வலது பக்கச் சுவருக்கு அப்பால் அலெகெனி ஆறு, அதற்கு அந்தப் பக்கம் நகரத்தின் உயரமான கட்டடங்கள். ஆட்ட நாளில், பைரேட்ஸ் ஜாம்பவான் ராபர்ட்டோ கிளெமென்டே பெயரிலுள்ள பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், நடந்தே போகலாம். அந்த வலது பக்கச் சுவர் 21 அடி உயரம், கிளெமென்டே அணிந்த எண் 21. ஐந்தாவது இன்னிங்ஸை ஒட்டி பியரோகி (கொழுக்கட்டை மாதிரி ஒரு பண்டம்) வேடம் போட்டவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடுவார்கள். அதற்குக் கிடைக்கும் கைதட்டல் சில நாள் ஆட்டத்துக்குக் கிடைப்பதில்லை.

சரி, பழுதுக்கு வருவோம். அது நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில்தான் நடக்கிறது. ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு ஏலம் தெரியும், எல்லா அணிக்கும் ஒரே அளவு பர்ஸ். பேஸ்பாலில் அந்த உச்சவரம்பே கிடையாது. ஒரு எல்லையைத் தாண்டினால் (2025-இல் அது 24.1 கோடி டாலர்) வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். பணக்கார அணிகள் சிரித்துக்கொண்டே கட்டுகின்றன. ஒரு வீரர் ஆறு வருடம் ஆடி முடித்தால் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிவிடுவார், அப்புறம் எந்த அணியோடு வேண்டுமானாலும் பேசலாம். அந்தப் பேச்சு நடக்கும் காலம்தான் குளிர்காலம். மற்ற ஊர்களில் அது திருவிழா. எங்களுக்கு யாரை இழக்கப்போகிறோம் என்று காத்திருக்கும் காலம்.

1992-இல் உலகத் தொடருக்கு, அதாவது இறுதிச் சுற்றுக்கு, ஒரு அவுட் தூரத்தில் நின்று தோற்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் அணியின் பெரிய நட்சத்திரம் பாரி பாண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். அதன் பிறகு 2012 வரை தொடர்ந்து 20 சீசன், வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். அதில் பாதியை நான் நேரில் பார்க்கவில்லை, தப்பித்தேன்.

2013-இல் எல்லாம் மாறியது. அக்டோபர் 1, பிளேஆஃப் ஆட்டம், மைதானம் முழுக்கக் கறுப்புச் சட்டை. சின்சினாட்டி பிட்சர் ஜானி குவெட்டோவின் பெயரைக் கூட்டம் ராகம் போட்டு இழுத்தது. அவர் கையிலிருந்த பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தை ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன் அடித்தார். அன்றைக்குக் கத்தியதில் போன குரல் திரும்பி வர நாளாயிற்று. 2015-இல் 98 வெற்றி வரை போனார்கள்.

என்னைக் கேட்டால் அணி உடைந்தது அதற்கு அடுத்து வந்த குளிர்காலத்தில்தான். 98 ஆட்டம் வென்ற அணிக்கு இன்னும் இரண்டு பேர் சேர்த்தால் போதும். செய்தது என்ன? உள்ளூர்ப் பையன் நீல் வாக்கரை நியூயார்க் மெட்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு ஜான் நீஸ் என்ற பிட்சரை வாங்கினார்கள். அடுத்த சீசன் முடிவதற்குள் அவரையும் அதே மெட்ஸிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 2016-இல் வெற்றி 78-ஆக இறங்கியது.

2018 ஜனவரியில் ஒரே வாரத்தில் பிட்சர் கெரிட் கோல், ஆண்ட்ரூ மக்கட்சன் இருவரையும் வேறு அணிகளுக்கு அனுப்பினார்கள். மக்கட்சன் 2013-இல் லீகின் சிறந்த வீரர் (எம்விபி), ஊரே தலையில் தூக்கி வைத்திருந்த ஆள். உரிமையாளர் பாப் நட்டிங் அணியை விற்க வேண்டும் என்று பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். கோலுக்குப் பதிலாக வந்தவர்களில் ஒருவர் ஜோ மஸ்குரோவ். 2021 ஜனவரியில் அவரும் சான் டியேகோவுக்குப் போனார். போன சில மாதங்களிலேயே அந்த அணியின் வரலாற்றில் முதல் நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) வீசினார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. அழுகை 2018-இலேயே தீர்ந்துவிட்டது.

எல்லாக் குளிர்காலமும் கசப்பு என்று சொல்ல மாட்டேன். 2008 நவம்பரில், ஒரு டிவி போட்டியில் தேறிய உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிபவர்கள் இருவரை, ரிங்கு சிங்கையும் தினேஷ் படேலையும், இதே பைரேட்ஸ்தான் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் கையெழுத்திட்ட முதல் இந்தியர்கள் அவர்கள். இருவருமே பெரிய லீகை எட்டவில்லை, ரிங்கு பிறகு மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார். ஆனால் அந்த வருடம் ஊரிலிருந்து போன் பண்ணிய உறவினர்கள் எல்லாம் முதல்முறையாக என் அணியைப் பற்றி விசாரித்தார்கள்.

அடுத்து 2024-25 குளிர்காலம். ஸ்கீன்ஸ் வந்தாயிற்று, சிறந்த புதுமுகம் விருதும் வாங்கியாயிற்று. ஒரு அணி பையைத் திறக்க வேண்டிய நேரம் என்றால் அதுதான். மெட்ஸ் 76.5 கோடி டாலருக்கு ஹுவான் சோட்டோவை எடுத்தது. அதை எங்களிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தது, டிரேடில், அதாவது வீரர் பரிமாற்றத்தில், வந்த ஸ்பென்சர் ஹார்விட்ஸ் (வந்ததும் மணிக்கட்டில் அறுவை சிகிச்சை), சுமார் 40 லட்சம் டாலருக்கு ஒரு வருட ஒப்பந்தத்தில் டாமி ஃபாம், மறுபடியும் ஆடம் ஃப்ரேசியர். 2025 வரை ஃப்ரீ ஏஜென்ட் ஒருவருக்கு இந்த அணி கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம் 2014 டிசம்பரில் பிரான்சிஸ்கோ லிரியானோவுக்குக் கொடுத்த 3.9 கோடி டாலர்தான். ஜனவரியில் நடந்த ரசிகர் விழாவில், மேடையில் மேனேஜர் (பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளர்) உட்பட நிர்வாகத்தினர் உட்கார்ந்திருக்க, அணியை விற்றுவிடுங்கள் என்று கூட்டம் கோஷம் போட்டது. ஏப்ரலில் முதல் உள்ளூர் ஆட்டத்திலும் அதே கோஷம். மே மாதம் மேனேஜர் டெரெக் ஷெல்டனை நீக்கினார்கள். பேட்டிங் ஆள் வாங்காததற்கு மேனேஜர் என்ன செய்வார், பாவம்.

சின்ன ஊர், டிவி வருமானம் குறைவு என்பது நிர்வாகத் தரப்பு வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை, உச்சவரம்பு இல்லாத விளையாட்டு நியாயமானதும் இல்லை. ஆனால் மில்வாக்கி எங்களைவிடச் சின்னச் சந்தை. 2025-இல் 97 வெற்றியோடு லீகிலேயே முதலிடம் அவர்களுக்குத்தான். பக்கத்து கிளீவ்லாந்து தன் பிரிவை 2024, 2025 என்று தொடர்ந்து இரண்டு வருடம் வென்றது. அவர்களும் சோட்டோவை வாங்கவில்லையே. உள்ளூரில் வளர்த்த பையன்களோடு சேர்ந்து ஆடத் தேவையான நடுத்தர ஆட்களை நேரம் பார்த்துச் சேர்த்தார்கள், அதைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

அவசரம் ஏன் என்றால், 2025-இல் ஸ்கீன்ஸின் சம்பளம் 8.75 லட்சம் டாலர்தான். ஃபாமுக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட இல்லை. 2029 சீசன் முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட். அதற்குள் 2025-26-ஐயும் சேர்த்து நான்கே குளிர்காலம். ஆனால் இந்த அணியின் பழக்கம் தெரிந்த எங்களுக்கு அந்த நான்கு இரண்டாகத்தான் தெரிகிறது. கோலையும் மஸ்குரோவையும் அனுப்பியபோது இரண்டு பேருமே ஃப்ரீ ஏஜென்ட் ஆக இன்னும் இரண்டு வருடம் மிச்சம் இருந்தது.

புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு: பார்க்குக்காக வரலாம், ஸ்கீன்ஸுக்காகக் கட்டாயம் வரலாம், பிளேஆஃபுக்காக வராதீர்கள். 2025-26 குளிர்காலத்தில் நான் பார்க்கக் காத்திருந்தது ஒன்றுதான், ரன் அடிக்கத் தெரிந்த யாருக்காவது ஒரு வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் போடுகிறார்களா என்று. அதுவரை சீசன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஸ்கீன்ஸ் வீசும் நாட்களுக்கு மட்டும் தனியாக வாங்கிக்கொள்கிறேன். ஐந்தாறு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறார், அதிலும் பாதி வெளியூர். கட்டுப்படியாகும்.